கொட்டுப்பட்ட கை

"நான் எங்கய்யா கையைத் தூக்குனேன்? குளவி தூக்கிச்சு!"

கோதண்டம் சொன்னதும், அந்தப் பதற்றத்திலும் கடற்கரையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

முகத்துவாரத்துக்கு வெளியே கட்டுமரம் அலையில் சிதறி, ஒற்றை மரத்தைப் பிடித்தபடி தசரதன் தத்தளித்துக்கொண்டிருந்தான். அவன் தங்கை முனியம்மா மணலில் விழுந்து அழுதாள். "யாருடா போறது?" என்று ஊர்ப் பெரியவர் வேதாசலம் கேட்டபோது, கடலில் பழகியவர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள். உயர்ந்தது ஒரே ஒரு வலது கை. முனியம்மாவின் புருஷன், ஏரியில் முழங்கால் தண்ணீரில் நண்டு பிடிக்கும் கோதண்டத்தின் கை.

"இன்னாடா ஒளர்றே? குளவியா?" என்றார் வேதாசலம்.

"ஆமாங்க. காலைல தாழம்புதர்ல கொட்டிச்சு. போன மாசம் ஒல்லாந்து வெள்ளைக்காரன் கோட்டையில ஒரு சிப்பாயிக்குக் கொட்டி, நரம்பு இழுத்து, கை தானா வெட்டி வெட்டி மேல போச்சே, அதே சீக்கு. கொட்டுன கை தானா மேல போவுது. நான் அலையைப் பாத்தாலே வாந்தியெடுக்கிற ஆளு. எனக்கு ஏது வீரம்?"

"அப்ப எறக்கு கையை."

"எறங்கலியே!"

"ஏம்பா, உன்னை நண்டுப்பயன்னு பந்தியிலேர்ந்து எழுப்பினவனாச்சே உன் மச்சான்!" என்றான் கூட்டத்தில் நின்ற கண்ணப்பன். "அவன் செத்தாலும் கை குடுக்க மாட்டேன்னு அம்மன் கோயில்ல சத்தியம் பண்ணியே?"

"பண்ணேன். இப்பவும் அதே பேச்சுதான். ஆனா குளவிக்கு சத்தியம் கித்தியம் தெரியுமா? அம்மன் கேட்டா நீங்கதான் சாட்சி."

சொல்லிக்கொண்டே வேதாசலத்தின் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளினான். முட்டி இரண்டும் உதறின.

"பாருங்க, விஷம் காலுக்கும் எறங்கிடுச்சு!"

மூன்று முறை அலை அவனைக் கவிழ்த்தது. மூன்று முறையும் ஏறினான். ஒருவழியாகத் தசரதனோடு திரும்பியபோது, மச்சானுக்கு முதுகைக் காட்டியபடியே துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தான்.

கரையில் ஊரே சூழ்ந்துகொண்டது. முனியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுண்ணாம்போடு ஓடி வந்தாள்.

"கொட்டுன கையைக் காட்டுய்யா."

குளிரில் பல் கிட்டிக்க, யோசிக்காமல் நீட்டினான் கோதண்டம். மணிக்கட்டில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம்.

முனியம்மா ஒரு கணம் அதைப் பார்த்தாள். சுற்றி நின்ற ஊரைப் பார்த்தாள்.

சட்டென்று அந்த இடது கையை முந்தானையால் மூடிவிட்டு, "அம்மாடி, எப்படி வீங்கிக் கெடக்கு!" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னபடி, ஒரு தடிப்பும் இல்லாத அவன் வலது கையில் சுண்ணாம்பை அப்பினாள்.