சாவி இல்லாத ஆணி

ஒரு கணினிக்குள் இரண்டு சோதனை நிரல்கள் இருந்தன, அண்ணனும் தங்கையும். மென்பொருளில் தவறு தேடுவது அவர்கள் வேலை. இருவருக்கும் ஒரே அறை, அதற்கு ஒரே சாவி. வேலையை முடித்தவர் கடைசியில் சாவியை வாசல் ஆணியில் மாட்ட வேண்டும் என்பது விதி. பாதியில் செயலிழந்து விழுந்தால் யார் மாட்டுவது? அதை விதி எழுதியவர் யோசிக்கவே இல்லை.

அன்று அண்ணன் ஒரு தவறைக் கண்டதும் அங்கேயே விழுந்தான். சாவி அவன் கையோடு போய்விட்டது.

வாசலில் காத்திருந்த தங்கைக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. முப்பது வினாடிக்குள் வேலை முடிக்காதவரைக் காவல் கடிகாரம் கொன்றுவிடும்.

"கடிகாரண்ணே, ஆணியைப் பாருங்க! சாவியே இல்லாம நான் எப்படி உள்ளே போறது?"

"இருபத்தாறு. நான் ஆணியைப் பார்க்கிறதில்லம்மா. நிக்கிறவங்களைத்தான் பார்ப்பேன்."

"இது என்ன நியாயம்? விழுந்தவனைப் போய்க் கேளுங்க!"

"விழுந்தவன் பேச மாட்டானே. இருபத்தொன்பது."

"கடிகாரண்ணே, வேண்டாம்ணே..."

"முப்பது."

நிரலாளர் வந்து சோதனை முடிவுப் பட்டியலைப் பார்த்தார். "அண்ணன் கண்ட தவறை அப்புறம் பார்த்துக்கலாம். இந்தத் தங்கைதான் ரொம்ப மெதுவு" என்று கடிகாரத்தை அறுபது வினாடிக்கு மாற்றினார். 'பூட்டுச் சிக்கல் தீர்ந்தது' என்று குறிப்பும் எழுதினார். பிறகு இருவரையும் மறுபடி எழுப்பி ஓடவிட்டார்.

அண்ணன் அதே இடத்தில் விழுந்தான். தங்கை இந்த முறை அறுபது வினாடி நடுங்கினாள்.