ஆடு தொடாத இலை

"மச்சான், போதும் விடுங்க! தெளிச்சுத் தெளிச்சு சாயம்தான் போகப்போகுது."

மனைவி அம்ரீன் சொன்னதைக் காதில் வாங்காமல் பர்வேஸ் சுவரிலிருந்த கொடிகள் மேல் தண்ணீரைப் பீச்சிக்கொண்டிருந்தான். "ஈரம் இருந்தாத்தான் உசுரு இருக்க மாதிரி தெரியும். பத்து மணிக்கு அந்தம்மா வந்துருவாக."

பாம்பன் சாலையில் 'பசுஞ்சோலை' உணவகத்தைத் திறந்து ஐந்து மாதம் ஆகிறது. சவூதியில், தமாமில் பதினெட்டு வருஷம் வெயிலில் வெந்து சம்பாதித்ததையெல்லாம் இதில்தான் போட்டிருந்தான். சென்னையிலிருந்து வந்த கட்டட நிபுணர் அவனுக்கு 'பயோஃபிலிக்' என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தார். சாப்பிடுகிற இடத்துக்குள்ளேயே இயற்கையைக் கொண்டுவருவதாம். அதற்கு இடம் வேண்டும் என்று மனையில் நின்ற ஆறு பூவரச மரங்களை முதல் வேலையாக வெட்டச் சொன்னார். பிறகு பெங்களூரிலிருந்து லாரியில் இயற்கை வந்து இறங்கியது. சுவர் முழுக்கச் செடி, கூரையெல்லாம் கொடி.

உப்புக்காற்றும் உப்புத்தண்ணீரும் நாற்பதே நாளில் அத்தனையையும் கருக்கிவிட்டன. போன் செய்தபோது, "செடிகள் இன்னும் இந்த இடத்தோட உரையாட ஆரம்பிக்கலை" என்றார் நிபுணர். அதற்குப் பிறகு அவரும் உரையாடவில்லை.

மீன் குழம்பில் சருகு விழுந்தால் எவன் சாப்பிடுவான்? ராமேஸ்வரம் போகும் வண்டிகள் நிற்காமல் பறந்தன. பர்வேஸ் மதுரைக்குப் போய், ஒரு மொத்தக் கடையில் பிளாஸ்டிக் செடிகளாக அள்ளிவந்து மாட்டினான். அடுத்த மாதமே மதுரையிலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டது. 'பசுமை உணவக விருதுக்கான பட்டியலில் தங்கள் உணவகமும் உள்ளது. நடுவர் நேரில் வருவார்.'

"நம்ம பேரு மதுரை வரைக்கும் போயிருக்கு பாத்தியா?" என்று குதித்தான். விருது கிடைத்தால் பேப்பரில் படம் வரும், டூரிஸ்ட் பஸ் நிற்கும். கிடைக்காவிட்டால் மறுபடியும் தமாம்.

"பொய் சொல்லி வாங்குறது ஹராம் மச்சான்."

"நீ பொய் சொல்ல வேணாம். வாயைத் திறக்காம இரு, அது போதும்."

சரியாகப் பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. நடுவர் முருகலட்சுமி உள்ளே நுழைந்ததும் சுற்றிப் பார்த்து, "அடேயப்பா!" என்றார்.

பர்வேஸுக்கு அரை உயிர் வந்தது.

"கடற்கரை ஓரம். ஆனா நிறம் கொஞ்சம்கூட மங்கலையே?"

"பராமரிப்பு மேடம். புள்ளை மாதிரி பாத்துக்கிறோம்."

"இலையும் உதிரலை."

"உதிராது மேடம். அம்புட்டுப் பாசம்."

அம்ரீன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நடுவர் ஒரு கொடியின் பக்கம் கையை நீட்டினார். "தொட்டா வாடிரும் மேடம்!" என்று பர்வேஸ் குறுக்கே பாய்ந்தான். அவர் சிரித்துக்கொண்டே கையை இழுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் திறந்திருந்த கதவு வழியாக ஓர் ஆடு உள்ளே வந்தது. நேராகப் பச்சைச் சுவரிடம் போய் முகர்ந்தது. இந்தப் பக்கம் முகர்ந்தது, அந்தப் பக்கம் முகர்ந்தது. பிறகு திரும்பி, மேசையிலிருந்த மெனு கார்டை எடுத்து நிதானமாக மென்றது.

பர்வேஸின் முகத்தில் ரத்தம் இல்லை.

"ஆடுகூட இலையைத் தொட மாட்டேங்குதே?" என்றார் நடுவர்.

"அது... நம்ம வளப்பு மேடம். செடியில வாய் வைக்கக் கூடாதுன்னு பழக்கியிருக்கோம்."

"பழக்கியிருக்கீங்க!" நடுவர் நோட்டை எடுத்து எதையோ எழுதினார். இரண்டு முறை அடிக்கோடு வேறு போட்டார். பர்வேஸ் மனசுக்குள் தமாமுக்குப் பெட்டி கட்டத் தொடங்கினான்.

அவர் நோட்டை மூடிவிட்டுக் கையை நீட்டினார். "நாலு மாவட்டம் சுத்திட்டேன் சார். உங்களை மாதிரி ஒருத்தரைப் பாக்கலை. விருது உங்களுக்குத்தான்."

பர்வேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிடைத்த தைரியத்தில் ஒரு சொற்பொழிவையே ஆரம்பித்தான். "எல்லாம் எங்க ஊரு மண்ணு மேடம். இந்த மண்ணோட உரம், இந்தத் தண்ணியோட சத்து..."

"ஐயோ, போதும் சார், நானே நம்பிருவேன் போல!" முருகலட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மதுரைக் கடையில நீங்க வாங்கினது பூரா எங்க கம்பெனி பிளாஸ்டிக்தான், அந்த பில்லைப் பாத்துத்தான் உங்களுக்குக் கடிதமே போட்டோம். அதை நிஜச் செடின்னு கூசாமச் சொல்லிச் சமாளிக்கிற கடைக்குத்தான் வருஷா வருஷம் நாங்க இந்த விருதைக் குடுக்கிறோம்."