வாசலை அடைத்த வெள்ளைக் கார்

"பெட்டியைக் கீழ வெச்சிடாதீங்கடா! பாதி வழியில இறக்கினா ஆகாது!" என்று கத்தினாள் லாமாரா.

"பின்ன எங்கக்கா வெக்கிறது? தோள்பட்டை கழண்டுடும் போலிருக்கு!" என்றான் அவள் தம்பி தெங்கிஸ்.

லாமாராவின் கணவன் ஜும்பெர் மாரடைப்பில் போய் நான்கு நாளாகிறது. உறவெல்லாம் வந்து பார்த்தாயிற்று. பொழுது சாய்வதற்குள் மலைமேல் இருக்கும் கல்லறையில் அவனைச் சேர்த்துவிட வேண்டும். பாதிரியார் அங்கே காத்திருக்கிறார். தெங்கிஸும் இன்னும் ஐந்து பேரும் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தால், முற்றத்தின் ஒரே வாசலில், குப்பிக்குத் தக்கை அடைத்த மாதிரி ஒரு பெரிய வெள்ளைக் கார். முன்பாதி முற்றத்தில், பின்பாதி வாசலின் கல் வளைவுக்குள். திபிலிசி நகரத்துப் பழைய வீடுகளில் தெருவுக்குப் போக வேறு வழி கிடையாது.

"யாரோட வண்டிடா இது?"

"நம்ம முற்றத்துல யாரோடதும் இல்ல. காலையில பார்த்தப்ப இல்லையே. நம்பர் பலகைகூட மாட்டல பாருங்க," என்றார் பக்கத்து வீட்டு ரெவாஸ்.

"இதை இங்க நிறுத்தினவன் நாசமாப் போக! அவனுக்குப் பாடை கட்ட!" என்றாள் லாமாரா.

தூக்கியவர்களுக்கு அதற்குமேல் பாரம் தாங்கவில்லை. வேறு வழியில்லாமல் பெட்டியைக் காரின் கூரைமேலேயே வைத்தார்கள். சாமான் கட்டுவதற்கென்று கூரையில் கம்பிகள் இருந்தன. அளவெடுத்துச் செய்தது போல் பெட்டி நடுவில் பொருந்தி உட்கார்ந்தது.

"வளைவுதான் உயரமா இருக்கே, பெட்டியை அப்படியே கூரைமேலேயே அந்தப் பக்கம் தள்ளிவிட்டா என்னக்கா?"

"உன் மச்சான் என்ன உருளைக்கிழங்கு மூட்டையாடா?"

அப்போது பெட்டிக்குள் மணி அடித்தது. எல்லோரும் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"பயப்படாதீங்க, அவர் போன்தான். நான்தான் சார்ஜ் போட்டுக் கோட்டுப் பையில வெச்சேன். அங்க தனியா இருப்பாரில்ல?" என்றாள் லாமாரா.

"யாரோ கூப்பிடுறாங்களே, எடுக்கவாக்கா?"

"செத்தவருக்குப் போன் பண்ற அறிவுகெட்டவன்கிட்ட என்னடா பேசப்போற? வண்டியைப் பாரு!"

கார் கதவு பூட்டியிருக்கவில்லை. தெங்கிஸ் ஏறி உட்கார்ந்து கியரை இழுத்தான், தள்ளினான், இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். அது அசைவேனா என்றது.

"தானா கியர் மாறுற வண்டிடா அது. பார்க்கிங்ல நிக்குது. பேட்டரியில உயிரில்ல. அது உயிரோட இருந்தாத்தான் கியர் பூட்டு விடும்," என்றார் ரெவாஸ்.

"உயிரில்லாததுக்கெல்லாம் இன்னைக்குப் பிடிவாதத்தைப் பாரேன்," என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

மாடிகளிலிருந்து யோசனைகள் கொட்டின. நான்கு சக்கரத்தையும் கழற்றச் சொன்னார் ஒருவர். இரண்டாவது மாடி சியாலா, கியருக்குள் வெந்நீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னாள். லாமாரா காரின் முன்பக்கத்தில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

"மூணு காரை இடிச்சு நொறுக்கின மனுஷன்! கடைசியில புனித ஜார்ஜ் படத்துமேல கை வெச்சு, இனிமே கார் வாங்கவே மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணாரு. சாகிற வரைக்கும் காப்பாத்தினாரு. சந்தைக்குக்கூட நடந்துதான் போவாரு. அவரோட கடைசிப் பயணத்தையா ஒரு கார் மறிக்கணும்?"

குடியும் சீட்டாட்டமுமாக அவளைப் படுத்தியவன்தான் ஜும்பெர். அந்த ஒரு சத்தியத்தை நினைத்துத்தான் நான்கு நாளாக அவள் அவனை மன்னித்துக்கொண்டிருந்தாள்.

பெட்டிக்குள் மறுபடி மணி அடித்தது. இப்போது யாரும் பயப்படவில்லை.

"தெங்கிஸ், கியர் பக்கத்துல சின்னதா ஒரு மூடி இருக்கும், நெம்பி எடு," என்றார் ரெவாஸ். "உள்ள ஓட்டை தெரியுதா? அதுல எதையாவது விட்டு அழுத்திக்கிட்டே கியரை நியூட்ரலுக்குத் தள்ளணும்."

"எதை விடுறது?"

சியாலா தன் பின்னல் ஊசியை மேலிருந்து எறிந்தாள். தெங்கிஸ் குனிந்து அதை ஓட்டைக்குள் விட்டான்.

"இருடா, பிரேக்ல காலை வெச்சுக்கோ! முதல்ல பெட்டியை இறக்கி..."

ரெவாஸ் சொல்லி முடிப்பதற்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். தெங்கிஸின் கால் இன்னும் கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. வாசல் தெருவை நோக்கிச் சரிவு. ஜும்பெரைத் தலையில் சுமந்துகொண்டு கார் பின்பக்கமாக வளைவைத் தாண்டி, நடைபாதையைத் தாண்டி, எதிரேயிருந்த விளக்குக் கம்பத்தில் மோதி நின்றது. பின்விளக்கு இரண்டும் நொறுங்கின. பெட்டி மட்டும் அசையவில்லை. லாமாராவும் கறுப்பு உடுத்திய உறவினர் எல்லோரும் அலறிக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

தெருமுனையிலிருந்து ஒருவன் மூச்சிரைக்க வந்தான். தோளில் புத்தம் புதிய பேட்டரி, காதில் போன். கூரைமேல் பெட்டிக்குள் மணி அடித்தது.

"நீங்களே வெளிய எடுத்துட்டீங்களா? வாசல்ல நுழையும்போதே பேட்டரி போயிடுச்சு, அதான் வாங்க ஓடினேன்," என்றான் அவன், கார்ச் சாவியை எடுத்தபடி. "மூணு தடவை கூப்பிட்டுட்டேன், ஜும்பெர் அண்ணன் எடுக்கவே மாட்டேங்கிறாரு. வீட்டம்மாவுக்குத் தெரியாம அமெரிக்காவுலேருந்து வரவழைச்ச வண்டி, சாவியைத் தன் கையிலதான் தரணும்னு சொல்லியிருந்தாரு. அவரு எங்கம்மா?"

லாமாரா கண்ணைத் துடைத்தாள். நொறுங்கிய விளக்குகளைப் பார்த்தாள். பிறகு கையை ஓங்கி, பெட்டியின் பக்கப் பலகையில் ஓர் அடி வைத்தாள்.

"இதோ, நாலாவதையும் இடிச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்திருக்காரு!"