சட்டை தைக்கணும்

தன்னைப் பெற்றவள் இந்தத் தையல்காரம்மாதானா என்று பார்க்கத்தான் அவன் வந்திருந்தான். வளர்த்த அம்மாவின் மனம் நோகுமே என்று அவளிடம் மூச்சுவிடவில்லை. சாக்குக்கு வழியில் ஒரு சட்டைத் துணி வாங்கிக்கொண்டான்.

“சட்டை தைக்கணும்.”

“குடுங்க தம்பி.” தையல்காரம்மா துணியை மேஜையில் விரித்தாள்.

“உங்களுக்குப் பிள்ளைங்க?” என்று மெல்லப் பேச்சுக் கொடுத்தான்.

“ஒரே பையன். பெத்தது மட்டும்தான் நான். வேற வீட்டுல நல்லா வளர்ந்துட்டான்.”

“போய்ப் பார்க்கணும்னு தோணலையா?”

“தோணாம இருக்குமா? அவனா தேடி வரட்டும்னு இருந்துட்டேன்.”

அவள் சாக்பீஸால் துணியில் கோடு போட ஆரம்பித்தாள். அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியாமல், “அளவு எடுக்கலையா?” என்றான்.

“எதுக்கு?” அவள் நிமிரவில்லை. “உங்கம்மா வருஷாவருஷம் உன் பழைய சட்டையை அளவுக்குக் குடுத்து, புதுசு தைச்சு வாங்கிட்டுப் போவாங்க. இப்ப நீ போட்டிருக்கியே, அதுவும் நான் தைச்சதுதான்.”

அவன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான்.

அவள் சாக்பீஸைக் கீழே வைத்தாள். “உங்கம்மா காலைலயே போன் பண்ணிட்டாங்க. இன்னிக்கு அங்கதான் வர்றான் போலிருக்கு, சாப்பிடாமகூடக் கிளம்பிட்டான்னு சொன்னாங்க. உள்ள வா, முதல்ல சாப்பிடு.”