தணிகாசலத்தின் கழுத்து

தணிகாசலம் வீட்டுக்குப் புதிதாக வந்த மசாஜ் மெஷினுக்கு, துப்பாக்கி மாதிரி உருவம், ஏகப்பட்ட உற்சாகம். முதல் நாளே அவர் கழுத்தில் தடதடவென்று இறங்கித் தேடிப் பார்த்தது. கழுத்து இட்லி மாவு மாதிரி இருந்தது. இறுகிப்போன தசை முடிச்சு ஒன்றுகூட அகப்படவில்லை.

"அண்ணே, இங்கே வலியே இல்லையே?" என்று, அவர் தோளில் ஆறு மாதமாகச் சுற்றிக் கிடக்கும் மசாஜ் பட்டையிடம் கேட்டது.

"மெதுவாப் பேசு தம்பி. துணி துவைக்கிற நேரத்துல வலி வரும், சாப்பிடக் கூப்பிட்டா போயிடும். நாம சும்மா உறுமினாப் போதும்."

அன்று மாலை, மூன்று வாளித் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு வந்த அவர் மனைவி அமிர்தவல்லி, மெஷினை எடுத்துத் தன் தோளில் வைத்தாள். மெஷினுக்குக் கருங்கல்லில் மோதியது போலிருந்தது. உடம்பு சூடேறும்வரை அது விடாமல் இடித்தது. அவள் "அப்பாடா" என்று கண்ணை மூடியபோது அதற்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் தணிகாசலம் எத்தனை தடவை பொத்தானை அழுத்தியும் மெஷின் அசையவில்லை. "இது ரிப்பேர், குப்பையில போடு" என்று மனைவியிடம் நீட்டினார்.

பட்டை பதறிப்போனது. "சார்ஜ் முழுசா இருக்கே, உனக்கு என்னடா ஆச்சு?"

"கழுத்து வலிண்ணே" என்றது மெஷின்.