கன்னத்தின் எண்

தேவசகாயம் ஓய்வு பெறும்வரை ரப்பர் பரிசோதனைக் கூடத்தில் இருந்தார். கருவியை வைப்பதற்கு முன்பே கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, ரப்பர் எவ்வளவு கடினம் என்று எண் சொல்லிவிடுவார். வீட்டிலும் அந்த விரல் சும்மா இருக்காது. சோப்பு, இட்லி, மகள் ஷைனியின் மூக்கு நுனி என்று எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. மனைவி ரோஸ்லெட்டின் கன்னத்துக்கு எப்போதும் இருபது. "வயசானா ரப்பர் இறுகும், இவ இறுக மாட்டா" என்பார். அவள் கையைத் தட்டிவிடுவாள்.

இப்போது ரோஸ்லெட் ஹாலின் நடுவே ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். பனியில் விமானங்கள் நின்றுபோனதால் கனடாவிலிருந்து ஷைனியால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. போனில் அழுதாள்.

"அப்பா, அம்மைக்க கன்னத்த ஒருக்க அமுக்கிப் பாருங்க. எவ்வளவு இருக்கு?"

மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் கன்னத்துக்கு நேர் மேலே, கண்ணாடியில் விரலை வைத்து அமுக்கினார். வேலையில் இருந்தபோது தினமும் காலையில் கருவியை முதலில் கண்ணாடியில் வைத்துத்தான் சரிபார்ப்பார். முள் நூறில் போய் முட்டி நிற்கும். அதற்கு மேல் எண் கிடையாது.

"இருபதுதான் மக்ளே" என்றார்.

தட்டிவிட ஆளில்லாமல் விரல் கண்ணாடியிலேயே இருந்தது.