கம்ப்யூட்டர் போட்ட மார்க்

"அது என்னைக்காவது ஹெல்மெட் மாட்டியிருக்கா? ஒரு தடவையாவது சேத்துல விழுந்து எழுந்திருக்கா? அதெல்லாம் வந்து எனக்கு மார்க் போடுதாம்!"

கோச் ஹாக்லண்ட் காலையிலிருந்தே கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார். வார்டன் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் டீம் மொத்தமும் டி.வி. முன்னால் குவிந்திருந்தது. வறுத்த கோழி தட்டுத் தட்டாக ஆறிக்கொண்டிருந்தது. பையன்கள் யாரும் தொடவில்லை.

விஷயம் இதுதான். ஜனவரியில் நடக்கிற சாம்பியன் ஆட்டத்துக்கு இரண்டே டீம். எந்த இரண்டு என்று மைதானத்தில் முடிவாகாது. நாடு முழுக்க இருக்கிற கோச்சுகள் டீம்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்திப் போடும் ஓட்டு பாதி, கம்ப்யூட்டர் போடும் கணக்கு பாதி. இரண்டையும் கூட்டி இன்றைக்கு டி.வி.யில் சொல்வார்கள். முதலிடம் ஹாலோவே கல்லூரிக்கு. ஒரு ஆட்டம்கூடத் தோற்காதவர்கள், அதில் தகராறே இல்லை. இரண்டாமிடம் வார்டனுக்கா, பெல்மோருக்கா என்பதுதான் பிரச்சினை. இருவருமே ஒரே ஒரு ஆட்டம் தோற்றவர்கள். அதிலும் பெல்மோர் தோற்றது வார்டனிடம்!

கேப்டன் டாரல் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு இது கடைசி வருஷம். வலது முட்டியில் இரண்டு ஆபரேஷன் ஆனவனை, சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் டீம் எதுவும் சீந்தாது. ஜனவரி ஆட்டம் கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாவின் சோளக்காட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"நேருக்கு நேர் மோதி ஜெயிச்சிருக்கோம் கோச். அதுக்கு மேல என்ன வேணும்?"

"மனுஷனுக்கு அது போதும்டா. அந்த டப்பாவுக்குப் போதாதே! நாம ஜெயிச்ச டீம் எவ்வளவு ஒசத்தின்னு பார்த்துத்தான் மார்க் போடுமாம். அதுகிட்ட கெஞ்சவும் முடியாது, சண்டை போடவும் முடியாது."

"அப்போ கோச்சுங்க ஓட்டு?" என்றான் டாரல்.

"அவங்க நம்ம ஆளுங்க. கண்ணு இருக்கு, மூளை இருக்கு. போன மாசம் நாம ஒண்ணு தோத்ததையா பிடிச்சுத் தொங்கப் போறாங்க? அந்தப் பக்கம் கவலையே வேண்டாம்."

டி.வி.யில் இருந்த ஆசாமி மணமேடைக்கு வந்தவன் மாதிரி சிரித்துக்கொண்டு கவரைப் பிரித்தான்.

"இரண்டாமிடம்... பெல்மோர்!"

நாலு வருஷ உழைப்பு போச்சு. அழக்கூடாது என்று டாரல் பல்லைக் கடித்தான். அப்படியும் அழுகை வந்துவிட்டது.

"பார்த்தீங்களாடா? நான் சொன்னேனா இல்லையா!" கோச் டி.வி.யை அடிக்கிற மாதிரி கையை ஓங்கினார். "தகர டப்பா நம்ம வயித்துல அடிச்சிடுச்சு!"

அப்போதுதான் மார்வின் உள்ளே வந்தார். பத்திரிகைக்காரர்களைக் கவனித்துக்கொள்ளும் கல்லூரி அலுவலர். முகம் வெளிறிப் போயிருந்தது.

"அதைத் திட்டாதீங்க கோச். கம்ப்யூட்டர் நம்மளைத்தான் இரண்டாவதா போட்டிருக்கு."

"என்னது?"

"ஆமா. பெல்மோர் அதுல மூணாவதுதான். கம்ப்யூட்டர் யார் யாருக்கு ஓட்டுப் போட்டாங்கன்னு எட்டிக்கூடப் பார்க்காது. யார் யாரை ஜெயிச்சாங்க, அது மட்டும்தான் அதுக்குக் கணக்கு. நம்மளைக் கவுத்தது கோச்சுங்கதான். ஒரே ஒருத்தர் மாத்திப் போட்டிருந்தாலும் இடம் நமக்குத்தான்."

கோச் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

டாரல் முகத்தைத் துடைத்துக்கொண்டு துள்ளி எழுந்தான். "நம்மகிட்ட தோத்தவனையே நமக்கு மேல போட்டிருக்கானுங்களா? எந்த மடையன் சார் அது? பேரைச் சொல்லுங்க!"

"பல பேர் போட்டிருக்காங்க. கடைசி வார ஓட்டை மட்டும் வெளியில சொல்லிடுவாங்க, இப்பத்தான் சொன்னாங்க. அதுல ஒரு பேரைக் கேட்டுட்டுத்தான் பத்திரிகைக்காரங்க வாசல்ல நிக்கிறாங்க." மார்வின் தரையைப் பார்த்தார்.

"யாருன்னு நீங்களாவது கேளுங்க கோச்! அவன் எந்த ஊர்ல இருந்தாலும் சரி, போய்ச் சட்டையைப் பிடிச்சு ரெண்டு கேள்வி கேட்டுட்டு வரேன்."

கோச் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். காலையிலிருந்து கேட்ட குரலா இது என்று இருந்தது.

"அவ்வளவு தூரமெல்லாம் போக வேண்டாம்டா. பெல்மோரை ஒசத்திக் காட்டினா, அவங்களை ஜெயிச்ச நமக்கு அந்த மெஷின் நாலு மார்க் கூடுதலாப் போடும்னு நெனச்சு, அவங்களை ரெண்டாவதா, நம்மளை மூணாவதா நான்தான் போட்டேன்."